மூடுபனி தொடங்கும் மரம்

மார்ச் 6

இன்று மலைக்குப் போகவில்லை. காலையிலிருந்து மாடி அறையில் உட்கார்ந்து, போன வாரம் கொண்டுவந்த பட்டைச் சில்லுகளைக் காகித உறைகளில் போட்டுக்கொண்டிருந்தேன். ஜன்னல் வெயில் மேசையின் பாதிவரை வந்து அங்கேயே நின்றுவிட்டது. மரப்பட்டையில் படர்ந்து உலர்ந்த லைக்கனுக்கு ஒரு வாசனை உண்டு. வெகுநாள் பூட்டிய துணிப்பெட்டியைத் திறந்த மாதிரி. இல்லை, தூறலுக்கு முன் மண்ணிலிருந்து எழுவது மாதிரி. இரண்டும் இல்லை. இத்தனை வருடம் முகர்ந்தும் அதற்கு ஒரு சொல் அகப்படவில்லை.

கீழே கூடத்தில் அக்கா தன் வரைபடத்தைத் தரையில் விரித்து, சுருண்டுகொள்ளாமல் இருக்க நான்கு மூலையிலும் நான்கு செருப்பை வைத்திருந்தாள். மேல் ஓடைத் திட்டம். நகரக் குடிநீர்த் துறையில் அவள் பொறியாளர். மலையின் மேலோடையில் ஒரு சின்னத் தடுப்பணை, அங்கிருந்து ஊருக்குக் குழாய். இதைத் தொடங்கியபோது அவளுக்கு ஒரு நரைகூட இல்லை.

மதியம் மாமா கிளினிக்கிலிருந்து வந்தார். அக்காவின் கணவர், பல் டாக்டர். அடுப்பில் எதையோ ஏற்றிவிட்டு மேலே வந்து என் உறை ஒன்றைத் திறந்து பார்த்தார்.

"என்னம்மா, இன்னைக்கு எந்த மரத்துக்குத் தேமல்?"

இந்த நகைச்சுவை அவருக்கு அலுப்பதே இல்லை. நானும் அலுக்காமல் அதே விளக்கத்தைச் சொன்னேன். இது நோய் இல்லை. மரத்திடமிருந்து எதையும் பறிப்பதில்லை. ஒரு பூஞ்சையும் ஒரு பாசியும் சேர்ந்து நடத்துகிற குடித்தனம். பூஞ்சை வீடு கட்டும், பாசி வெயிலை வைத்துச் சமைக்கும்.

"அப்போ நம்ம வீடுதான். உங்க அக்கா கட்டுறா, நான் சமைக்கிறேன்."

"நான்?"

"நீ மரம். வாயே திறக்காம நிக்கிற."

மார்ச் 11

காலைப் பேருந்தில் கடைசி நிறுத்தம்வரை போய், பிறகு நடை.

தாவர ஆய்வகத்தில் வேலைக்குச் சேர்ந்த புதிதில், சரிவின் அடியிலிருந்து உச்சிவரை மரங்களைத் தேர்ந்தெடுத்து ஒவ்வொன்றிலும் சின்னதாக ஒரு பித்தளை ஆணி அடித்துவைத்தேன். ஆணிக்குக் கீழே கட்டம் போட்ட கண்ணாடித்தாளை வைத்து, எந்தக் கட்டத்தில் எந்த லைக்கன் என்று வரைந்துகொள்வேன். வருடாவருடம் அதே மரம், அதே இடம். வெளியே சொன்னால் இதற்கும் ஒரு வேலையா என்பார்கள்.

கீழ் மரங்களில் தாடியே இல்லை. தாடி என்று நான் சொல்வது கிளைகளிலிருந்து சாம்பல் பச்சையாகத் தொங்குவது. மூடுபனியை இழையிழையாகப் பிடித்துக் குடிக்கும். முன்பெல்லாம் முதல் ஆணி மரத்திலேயே முகத்தில் உரசி வரவேற்கும். இன்று பாதி மலை ஏறிய பிறகுதான் கண்ணில் பட்டது, அதுவும் வழுக்கைத் தலையின் கடைசி நாலு முடி போல. அது இருந்த இடங்களில் ஆரஞ்சு நிறப் பொட்டுகள். சமவெளியில், வெயில் காயும் சுவர்களில் வாழ்கிற வேறு லைக்கன்கள். யாரும் அழைக்காமலே மலையேறிக்கொண்டிருக்கின்றன.

ஒரு பாறையில் உட்கார்ந்தேன். மேகம் தலைக்கு மேலாகப் போனது. கையை நீட்டினால் எட்டிவிடும் போலிருந்தது, எட்டவில்லை. தெரிந்தவர் ஒருவர் நம்மைக் கவனிக்காமல் தெருவின் அந்தப் பக்கமாக நடந்து போவதைப் பார்ப்பது போலிருந்தது.

லைக்கனுக்கு வேர் கிடையாது. காற்று கொடுப்பதைத்தான் குடிக்கும், உண்ணும். அதனால் அதற்கு எதையும் மறைக்கத் தெரியாது.

மார்ச் 12

மரங்கள் நன்றாகத்தான் இருக்கின்றன. பச்சையாக, மதர்ப்பாக. அதுதான் பயமாக இருக்கிறது. காற்று மாறியது மரத்துக்குத் தெரிய ஒரு தலைமுறை ஆகும்.

மார்ச் 20

எங்கள் துறையின் புள்ளியியல்காரரை எல்லோரும் 'ஒருவேளை' என்றுதான் கூப்பிடுகிறோம். அந்தச் சொல் இல்லாமல் அவர் எதையும் தொடங்கியதில்லை. கல்யாணத்தில் மாலை மாற்றும்போதே "ஒருவேளை சம்மதம்" என்றாராம். ஆய்வகத்தில் இப்படி ஒரு கதை.

என் படங்களையும் எண்களையும் அவரிடம் காட்டினேன். தாடியின் கீழ் எல்லை வருடாவருடம் மேலே நகர்கிறது. மூடுபனி தொடும் உயரம் ஏறுகிறது என்று நான் நினைக்கிறேன். மலையடிவாரம் சூடாகிறது, மேகம் உயரத்தில் போய்த்தான் உருவாகிறது.

கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "ஒருவேளை புகையா இருக்கலாம் மேடம். இந்தப் பக்கம் ரோடு இருக்கு, லாரி போகுது. லைக்கனுக்குப் புகை ஆகாதுன்னு நீங்கதானே சொல்லிக் குடுத்தீங்க?"

சரிதான். கோபம் வந்தது, ஆனால் சரிதான். புகையா, வெப்பமா என்று பிரித்துச் சொல்லாமல் நான் எதையும் சொல்லக் கூடாது.

மலையின் மறுபக்கச் சரிவில் சாலை இல்லை. காற்றும் ஊரிலிருந்து அந்தப் பக்கம் வீசுவதில்லை. அங்கேயும் ஆணி அடித்திருக்கிறேன். போய்ப் பல நாளாகிறது.

ஏப்ரல் 9

துறைத் தலைவர் கூப்பிட்டார். மேசையில் நகரசபையின் கோப்பு. பார்த்ததுமே தெரிந்துவிட்டது. அந்த வரைபடத்தைச் செருப்பு வைத்து விரித்த நிலையில் தினமும் தாண்டிப் போகிறேன்.

"மேல் ஓடையில தடுப்பணை கட்டுறாங்க. அதனால காட்டுக்குப் பாதிப்பு வருமான்னு நம்ம கருத்து கேக்குறாங்க. நீங்க எழுதிடுங்க."

"சார், அது எங்க அக்காவோட திட்டம்."

"தெரியும்மா. ஆனா அந்த மலையில ஏறி இறங்குற ஆள் வேற யாரு இருக்கா? தாயும் பிள்ளையும் ஆனாலும் வாயும் வயிறும் வேறதானே. நீங்க எழுதுங்க, வெளி நிறுவனத்துக்கும் ஒரு தடவை அனுப்பிப் பாத்துக்கலாம்."

அணையால் காட்டுக்கு என்ன ஆகும் என்று கேட்கிறார்கள். காட்டால் அணைக்கு என்ன ஆகும் என்று யாரும் கேட்கவில்லை.

மழையில்லாத மாதங்களில் அந்த ஓடைக்குத் தண்ணீர் எங்கிருந்து வருகிறது? மூடுபனி மரங்களில் படிகிறது. இலையிலிருந்து, தாடியிலிருந்து சொட்டுகிறது. சொட்டுச் சொட்டாக மண்ணுக்குள் போய் ஓடையாகிறது. கோடை முழுவதும் அந்தச் சொட்டுதான். மூடுபனி மேலே போய்க்கொண்டே இருந்தால் சொட்டுகிற காடு சுருங்கிக்கொண்டே போகும். உச்சிக்கு மேலே காடு ஏது?

ஆனால் ஓடையில் இன்னும் குறையவில்லை. கடந்த சில வருடங்களாக நல்ல மழை. அக்காவின் கணக்கில் ஒரு பிழை இல்லை. அவள் பார்த்தது போன முப்பது வருட ஓடை.

ஏப்ரல் 10

அக்காவிடம் சொல்லவில்லை. சாப்பிடும்போது இரண்டு முறை சொல்ல வாயெடுத்தேன். தண்ணீர் குடித்தேன்.

ஏப்ரல் 18

எதிர்வீட்டுத் தையல்காரம்மா தையல் மெஷினில் இருந்தபடியே குரல் கொடுத்தாள்: "உங்க அக்கா எப்ப நல்ல தண்ணி விடப்போறாங்க? இந்தத் தண்ணியில துவைச்சா வெள்ளைத் துணி பழுப்பாகுது, பழுப்புத் துணி என்ன ஆகுதுன்னே தெரியல."

ஊர்க் கிணறுகளின் நீர் அப்படித்தான். எங்கள் குழாயின் வாயில் வெள்ளையாக ஒரு ஓடு கட்டியிருக்கிறது. மாமா அதைப் பார்க்கும்போதெல்லாம், "என் நோயாளிங்க பல்லும் இப்படித்தான் இருக்கு, நான் என்ன சுரண்டி என்ன?" என்பார்.

மாலையில் அக்கா வாசல்படியில் உட்கார்ந்து தலையைத் துவட்டிக்கொண்டிருந்தாள். சிக்கு. இந்தத் தண்ணீரில் யாருக்கும் முடி படிவதில்லை. நான் பின்னால் உட்கார்ந்து சீப்பை வாங்கிக்கொண்டேன்.

"மேல் ஓடைத் தண்ணியில ஒரு தடவை தலைக்குக் குளிச்சேன் தெரியுமா? சர்வேக்குப் போனப்ப. யாரும் இல்லை. முங்கி எந்திரிச்சேன். முடி பட்டு மாதிரி ஆயிடுச்சு. அன்னைக்குதான் நினைச்சேன், இது ஊர்ல எல்லாத் தலைக்கும் வரணும்னு."

பொறியாளர்கள் இப்படியெல்லாம் கனவு காண்பார்கள் என்று யாருக்குத் தெரியும்? கூட்டங்களில் அவள் குழாயின் விட்டம் பற்றி மட்டும்தான் பேசுவாள்.

நான் சிக்கெடுத்துக்கொண்டே இருந்தேன்.

ஏப்ரல் 25

மறுபக்கச் சரிவு.

அங்கே மனிதர் வந்த தடமே இல்லை. என் பழைய ஆணிகளைத் தேடி எடுக்கவே நேரம் பிடித்தது. சிலவற்றைப் பட்டை பாதி விழுங்கியிருந்தது. ஒவ்வொரு மரத்தையும் நெருங்கும்போது மனதுக்குள் வேண்டிக்கொண்டேன்: இங்கே தாடி இருக்கட்டும். இருந்தால் புகைதான் காரணம். லாரியை நிறுத்தினால் போதும். அக்காவின் அணை நிற்கும். நான் தோற்றுப்போகலாம், சந்தோஷமாக.

இல்லை.

சாலை இல்லாத, புகை இல்லாத, யாருமில்லாத அந்தச் சரிவிலும் தாடி அதே உயரத்துக்கு ஏறிப்போயிருந்தது. கருங்காதும் அப்படியே — ஈரமிருந்தால் காதுமடல் போல விரிகிற கறுப்பு லைக்கன் அது — கீழ் மரங்களில் காய்ந்து, விரலால் தொட்டதும் பொடியானது. பட்டையின் அமிலத்தன்மையையும் சோதித்தேன். புகை பட்ட பட்டை இல்லை.

மேலே போனேன். ஒரு மரத்துக்கும் அடுத்த மரத்துக்கும் நடுவே உலகம் மாறியது. இந்தப் பக்கம் வெயில், அந்தப் பக்கம் பால் போல மூடுபனி. உள்ளே நுழைந்தேன். என் கையே எனக்கு மங்கலாகத் தெரிந்தது. எல்லாக் கிளையிலிருந்தும் தாடி தொங்கியது, எல்லாத் தாடியிலிருந்தும் சொட்டு. எவ்வளவு நேரம் நின்றேன் தெரியவில்லை. என் மேலும் ஏதாவது முளைத்திருந்தால் ஆச்சரியப்பட்டிருக்க மாட்டேன்.

இறங்கும்போது அந்த வாசலைத் திரும்பத் திரும்பப் பார்த்துக்கொண்டே வந்தேன்.

மே 2

மறுபக்கச் சரிவின் எண்களை 'ஒருவேளை'யிடம் கொடுத்து இரண்டு நாள் ஆகிறது. இன்று என் அறைக்கு வந்தார். கதவருகிலேயே நின்றார்.

"மூடுபனி ஏறுது மேடம்."

அவ்வளவுதான் சொன்னார். நான் காத்திருந்தேன். அந்தச் சொல் வரவேயில்லை. என் நாற்காலியின் முதுகைத் தட்டிவிட்டுப் போய்விட்டார்.

மே 5

சொல்லிவிட்டேன். எழுத்து கோணுகிறது.

கூடத்தில் வரைபடத்துக்குப் பக்கத்தில் தரையில் உட்கார்ந்து என் கண்ணாடித்தாள்களை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கிக் காட்டினேன். பழைய வருடம், நடு வருடம், இந்த வருடம். அக்கா அமைதியாகப் பார்த்தாள். பொறுமையாகக் கேள்வி கேட்டாள். ஒரு நிமிஷம், புரிந்துகொண்டாள் என்றே நினைத்தேன்.

"ஓடையில தண்ணி குறைஞ்சிருக்கா?"

"இன்னும் இல்லைக்கா."

"அப்புறம்?"

"குறையும். இதுங்க முன்னாடியே சொல்லுதுங்க. காத்துல ஈரம் குறையறது முதல்ல இதுங்களுக்குத்தான் தெரியும்."

"மரத்துல பாசி உதிர்ந்துச்சுன்னு ஊருக்குத் தண்ணி விடாம இருக்கச் சொல்றியா?"

"விட வேணாம்னு சொல்லல. அந்த ஓடையை மட்டும் நம்பாதன்னு சொல்றேன். நீ கட்டி முடிச்சு, குழாய் போட்டு, ஊரே பழைய கிணத்தையெல்லாம் மூடினப்புறம் கோடையில அது நின்னுபோச்சுன்னா?"

எழுந்துவிட்டாள். "எல்லாரும் எதிர்த்தாங்க. பணமில்லைன்னாங்க, ஆள் இல்லைன்னாங்க, பொம்பளைக்கு என்ன தெரியும்னாங்க. எல்லாத்தையும் தாண்டி வந்தேன். கடைசியில என் வீட்டு மாடியிலேர்ந்தா வரணும்?"

நான் என்ன பண்ணட்டும்? பாக்காததைப் பாத்தேன்னு சொல்லல. பாத்ததைப் பாக்கலன்னு எப்படிச் சொல்றது? அவ ஏன் அப்படிப் பேசணும். என் வீட்டு மாடியாம்.

மே 9

அக்கா என்னோடு பேசுவதில்லை. மாமா தூது.

"உங்க அக்கா உப்பு எங்கன்னு கேக்குறா."

"அவங்க கைக்குப் பக்கத்துல இருக்குன்னு சொல்லுங்க மாமா."

"பக்கத்துல இருக்காம்டி."

"கண்ணு தெரியுதுன்னு சொல்லுங்க."

மாமா கரண்டியை வைத்தார். "நான் பல்லு புடுங்குறவன். ரெண்டு பேர் நடுவுல மாட்டின பல்லா இருக்க என்னால ஆகாது. நீங்களே பேசிக்கங்க."

யாரும் சிரிக்கவில்லை. ஆனால் அக்காவின் உதடு ஒரு பக்கமாக இழுத்ததைப் பார்த்தேன்.

மே 15

மதியத் தூக்கத்தில் கனவு. வீட்டுக்குள் மூடுபனி. கூடத்தில், படிக்கட்டில், என் மேசைமேல் எல்லாம் பஞ்சு பஞ்சாக மேகம். அக்கா உள்ளங்கையைக் குவித்து அதை அள்ளி அள்ளிக் குடத்தில் ஊற்றுகிறாள். குடம் நிறையவில்லை. "மெதுவா, மெதுவா" என்று சொல்ல வருகிறேன், வாயிலிருந்து குரலுக்குப் பதில் தாடி தாடியாக ஏதோ தொங்குகிறது. பயமாக இல்லை. விழித்தபோது வாய் உலர்ந்திருந்தது. நிழல் சுவரில் ஏறியிருந்தது.

மே 21

அறைக் கதவு தட்டப்பட்டது. இந்த வீட்டில் கதவைத் தட்டும் வழக்கம் கிடையாது. அக்கா. உள்ளே வரவில்லை. என் தலைக்கு மேலே உள்ள சுவரைப் பார்த்துக் கேட்டாள்:

"நாளைக்கு முதல் பஸ் எத்தனை மணிக்கு?"

மே 22

முதல் பேருந்தில் போனோம். மலையடியில் அக்கா காலணியின் நாடாவை இறுக்கிக் கட்டினாள். "நீ எதையும் விளக்காத. நான் கேட்டா மட்டும் சொல்லு," என்றாள்.

ஒவ்வொரு ஆணி மரத்திலும் நின்றாள். நான் அந்த மரத்தின் பழைய வருடத் தாளை ஆணிக்குக் கீழே பிடித்தேன். தாளில் நான் வரைந்த தாடி, தாளுக்குப் பின்னால் வெறும் பட்டை. அடுத்த மரம். அதே. அடுத்தது. அவள் முகத்தை நான் பார்க்கவில்லை. தாளைப் பிடித்த என் கையையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

தடுப்பணை வரவேண்டிய இடம் வந்தது. இரண்டு பாறைகளுக்கு நடுவே ஓடை ஒடுங்கும் இடம். அவள் அடித்த சிவப்புப் பெயின்ட் அடையாளம் இருந்தது. தண்ணீர் சலசலவென்று, எந்தக் கவலையும் இல்லாமல் ஓடியது. அக்கா குனிந்து அதில் கை வைத்தாள். "ஓடுதேடி," என்றாள். வாதமாகச் சொல்லவில்லை. ஏதோ கெஞ்சுவது போல இருந்தது.

அதற்கு மேலே செங்குத்தான ஏற்றம். அவளுக்கு மூச்சிரைத்தது, என் தோளைப் பிடித்துக்கொண்டாள். பிடித்த பிறகுதான் சண்டை ஞாபகம் வந்தது போல எடுக்கப் பார்த்தாள். வழுக்கியது. மறுபடி பிடித்துக்கொண்டாள்.

வெயில்தான். மேகம் எங்களுக்கு மேலே, ஒரே மட்டத்தில், கூரை போல நின்றிருந்தது. நெடுநேரம் ஏறினோம். திடீரென்று அக்கா நின்றாள்.

"மழை பெய்யுது."

"இல்லைக்கா."

"பெய்யுது. சத்தம் கேக்குது பாரு."

இன்னும் கொஞ்சம் ஏறினோம். முதலில் காற்று குளிர்ந்தது. பிறகு அவள் மூக்குக்கண்ணாடி வெளுத்தது. கழற்றினாள். பிறகு நாங்கள் உள்ளே இருந்தோம். எங்கும் சொட்டு. இலைகளில், கிளைகளில், தொங்கும் தாடிகளின் நுனியில் எல்லாம் ஒவ்வொரு மணியாகத் திரண்டு, தயங்கி, விழுந்துகொண்டிருந்தது. வானத்திலிருந்து ஒரு துளி இல்லை. தரை முழுக்க ஈரம்.

அக்கா வாயைத் திறந்து அண்ணாந்து நின்றாள், பள்ளிக்கூடம் விட்டு மழையில் வரும் பிள்ளை போல. கூந்தல் முழுக்க வெள்ளிப் பொடி. ஒரு தாடி இழையைப் பிழியாமல், நுனியில் மட்டும் விரல் வைத்தாள். மணி அவள் விரலுக்கு இறங்கி வந்தது.

அப்புறம் இறங்கினாள். நான் கூப்பிடக் கூப்பிடத் திரும்பாமல், சொட்டு நிற்கும் இடம்வரை. அங்கே ஒரு மரம். அதன் மேல்பக்கம் ஈரம், கீழ்ப்பக்கம் காய்ந்திருந்தது. அதன்மேல் கை வைத்துக்கொண்டு கேட்டாள்:

"இந்த மரம்... முன்னாடி எங்க இருந்துச்சு? மூடுபனி தொடங்குற இந்த இடம்?"

"நாம முதல்ல நின்ன மரம்."

கீழே பார்த்தாள். அங்கிருந்து அந்த மரம் தெரியாது. சிவப்புப் பெயின்ட்டும் தெரியாது. எல்லாமே வெகு கீழே, வெயிலில்.

வேரில் உட்கார்ந்துவிட்டாள். நான் பக்கத்தில் உட்கார்ந்தேன். அழுவாள் என்று நினைத்தேன். அழவில்லை. தன் உள்ளங்கையையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"ஒருநாள் மேகத்தைக் காட்டிட்டா நான் மாறமாட்டேன். மேகம் இன்னைக்கு மேல நிக்கும், நாளைக்குக் கீழ நிக்கும். நீ சொல்றதாலயும் மாறமாட்டேன். உனக்கும் எனக்கும் ஆயிரம் இருக்கு." நிறுத்தினாள். "ஆனா இந்த மரத்துல தொங்குறதுங்க... இதுங்க யாருக்கும் தங்கச்சி இல்லையே."

இறங்கும் வழியில் சிவப்புப் பெயின்ட்டைத் தாண்டும்போது நிற்கவில்லை. என் தோளை விடவும் இல்லை.

மே 23

உடம்பெல்லாம் வலி. அக்கா நேரடியாக என்னிடமே உப்புக் கேட்டாள்.

ஜூன் 4

கருத்துரையை அனுப்பிவிட்டேன். வெளி நிறுவனமும் எண்களைச் சரிபார்த்துவிட்டது. அக்கா படிக்கக் கேட்கவில்லை. நான் காட்டவும் இல்லை. அவள் அறையில் விளக்கு எரிகிறது. புதுக் காகிதத்தில் என்னவோ போட்டுக்கொண்டிருக்கிறாள். பள்ளிகளின் விளையாட்டுத் திடலுக்கு அடியில் மழைநீர்த் தொட்டிகள், ஊர்க் குழாய்களின் ஒழுகல் அடைப்பு, ஓடையிலிருந்து மழைக்காலத்தில் மட்டும் கொஞ்சமாக எடுப்பு. மாமாதான் எட்டிப் பார்த்துச் சொன்னார்.

ஜூன் 18

நகரசபைக் கூட்டம். பார்வையாளர் வரிசையில் நானும் மாமாவும். மின்விசிறி சுற்றும் சத்தத்தில் யார் பேசுவதும் பாதிதான் காதில் விழுந்தது.

அக்கா எழுந்து, மேல் ஓடைத் திட்டத்தைத் தானே நிறுத்திவைக்கக் கேட்பதாகச் சொன்னாள். அவையில் ஒரு சலசலப்பு. நகரசபைத் தலைவர் என் கருத்துரையைத் தூக்கிக் காட்டினார்.

"இத்தனை வருஷமா நீங்க போட்ட திட்டம்மா இது. மரத்துல ஒட்டியிருக்கிற பாசியைப் பாத்துட்டு தப்புன்னு சொல்றீங்களா?"

"என் கணக்குல தப்பில்லைங்க," என்றாள் அக்கா. "மலை மாறிடுச்சு."

பின்வரிசையில் ஒருவர், அக்காவும் தங்கையும் வீட்டில் பேசி முடிக்க வேண்டியதை அவையில் பேசுகிறார்கள் என்றார். சிரித்தார்கள். அக்கா சிரிப்பு அடங்கும்வரை நின்றாள். பிறகு புதுக் காகிதத்தைச் சுவரில் ஒட்டினாள். ஒட்டுத்தாள் பிடிக்கவில்லை, ஒரு மூலை மடங்கி மடங்கி விழுந்தது. மாமா எழுந்து போய், கூட்டம் முடியும்வரை அந்த மூலையைக் கையால் பிடித்துக்கொண்டு நின்றார்.

ஜூன் 20

திட்டம் நிறுத்திவைப்பு. அக்காவைத் திட்டப் பிரிவிலிருந்து ஒழுகல் பழுதுபார்க்கும் பிரிவுக்கு மாற்றிவிட்டார்கள். உத்தரவை மடித்துக் கைப்பையில் வைத்துக்கொண்டு, "அதையும்தான் யாராவது செய்யணும்," என்றாள்.

குளியலறையில் நெடுநேரம் தண்ணீர் விழும் சத்தம் கேட்டது. அவள் ஒருபோதும் தண்ணீரைத் திறந்துவிட்டு நிற்கிறவள் இல்லை.

ஜூலை 3

தையல்காரம்மா இப்போது ஜன்னலைச் சாத்திக்கொண்டு தைக்கிறாள். என்னைப் பார்த்தால் மெஷின் வேகமாக ஓடுகிறது.

செப்டம்பர் 14

அக்கா தெருத் தெருவாகக் குழாய் தோண்டுகிறாள். வீடு வரும்போது முழங்கால்வரை சேறு. ஊரில் போகிற தண்ணீரில் கால்வாசி மண்ணுக்குள்ளேயே ஒழுகிப் போகிறதாம். அதைச் சொல்லும்போது அவள் கண் பழையபடி மின்னியது. ஒரு பள்ளியில் மட்டும் திடலைத் தோண்டிப் பார்க்க அனுமதித்திருக்கிறார்கள்.

எனக்குத்தான் சரியில்லை. நான் சொன்னது நடக்காமல் போனால்? ஓடை இன்னும் நூறு வருடம் இப்படியே ஓடினால்? நடந்துவிட்டால்? எதை வேண்டிக்கொள்வது என்று தெரியாமல் தினமும் தூங்கப் போகிறேன்.

டிசம்பர் 2

மழை பொய்த்துவிட்டது. ஆரஞ்சுப் பொட்டு இன்னும் ஒரு மரம் மேலே.

பிப்ரவரி 8

அக்கா மலையிலிருந்து போன் செய்தாள். விடுமுறை நாட்களில் அவளும் என்னோடு வருவாள். இன்று நான் காய்ச்சலில் படுத்திருந்ததால் தனியே போயிருந்தாள்.

"பெயின்ட் அடிச்ச இடத்துல நிக்கிறேன்." அதற்குப் பிறகு காற்றின் இரைச்சல் மட்டும். "ஓடல. கல்லுக்கு நடுவுல கொஞ்சம் தேங்கியிருக்கு. அவ்வளவுதான்."

நான் சொன்னதுதான் நடந்தது. ஒரு துளி சந்தோஷம்கூட இல்லை. போனைக் காதில் வைத்தபடி படுத்திருந்தேன். அவளும் வைக்கவில்லை. இரண்டு பேரும் அந்த ஓடாத ஓடையைக் கேட்டுக்கொண்டிருந்தோம்.

பிப்ரவரி 27

பள்ளித் திடலுக்கு அடியில் இருந்த தொட்டியைத் திறந்தார்கள். பெய்த கொஞ்ச மழையில் பாதிக்கும் கீழேதான் நிறைந்திருந்தது. இரண்டு தெருவுக்கு வரும். எங்கள் தெரு அதில் இல்லை.

தையல்காரம்மா குடத்தோடு அந்தத் தெருவுக்குப் போய் வந்தாள். வரும் வழியில் எங்கள் வாசலில் குடத்தை இறக்கிவைத்து, அக்காவைப் பார்த்து, "இன்னும் நாலு தோண்டச் சொல்லுங்க," என்றாள். குரல் அதட்டல்தான். அக்கா தலையாட்டினாள்.

ஏப்ரல் 19

இன்று பேருந்தில் நெடும் பயணம். அடுத்த மலைத்தொடரில் உள்ள ஒரு ஊர் ஓடை அணைக்குத் திட்டம் போடுகிறது. கட்டுவதற்கு முன் வந்து பார்க்க முடியுமா என்று அந்த ஊர் நகரசபை கேட்டது. கடிதம் அக்கா பேருக்குத்தான் வந்தது. எங்கள் ஊரில் அவளை மறுபடி திட்டப் பிரிவுக்கு அழைத்துக்கொண்டார்கள், போன மாதம். "நீ வந்தாதான் போவேன்," என்றாள். மாமா சாப்பாடு கட்டிக்கொடுத்தார்.

வளைவுகளில் தூங்கி வழிந்தேன். ஒவ்வொரு முறை கண் திறக்கும்போதும் ஜன்னலில் வேறு பச்சை.

நடுவழியில் தேநீருக்கு நிறுத்தினார்கள். நான் குவளையோடு நின்றேன். நடத்துனர் விசில் ஊதினார். எல்லோரும் ஏறிவிட்டார்கள், அக்காவைக் காணோம். ஓட்டுனர் ஹாரன் அடித்தார். "உங்ககூட வந்த அம்மா எங்கம்மா?" என்றார் நடத்துனர்.

கடைக்குப் பின்னால், சரிவு தொடங்கும் இடத்தில் ஒரு பெரிய மரம். அதன் பட்டையோடு மூக்கு இடிக்கும்படி நின்றுகொண்டிருந்தாள். ஹாரன் அவள் காதில் விழவேயில்லை. நான் ஓடினேன்.

"அக்கா, பஸ் போயிடும்!"

திரும்பாமலே கையை மட்டும் பின்னால் நீட்டி என் மணிக்கட்டைப் பிடித்து இழுத்தாள்.

"மெதுவாப் பேசு," என்றாள். "தாடி இங்க இருக்குடி. இவ்வளவு கீழயே இருக்கு."